முதல் சொந்தக்காரி

சார் மீட்டிங்கில் இருக்கிறார், சார் மீட்டிங்கில் இருக்கிறார் என்று ஆள் மாற்றி ஆள் வந்து சொல்லிவிட்டுப் போகிறார்கள், இருக்கட்டும், எனக்கொன்றும் அவசரமில்லை, பள்ளிக்கூடத்துக்கு முழுநாள் லீவு போட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறேன், ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்கு இன்று வணிகவியல் வகுப்பை யாராவது எடுப்பார்கள், எடுக்காவிட்டால் சத்தம் போட்டுக்கொண்டு சந்தோஷமாக இருப்பார்கள். இந்த ஏசிக் காற்று நேராக முட்டியில் வந்து அடிக்கிறது. காலில் மாட்டியிருக்கிற காலிபரின் இரும்பு குளிர்ந்தால் தொடை வரைக்கும் குளிர் ஏறும், அது இங்கே யாருக்கும் தெரியாது, தெரியவேண்டியதுமில்லை. உட்காருங்க மேடம் என்று அந்தப் பெரிய சோபாவைத்தான் காட்டினார்கள், வேண்டாம், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போடுங்கள் போதும் என்றேன். சோபாவில் அமிழ்ந்துவிட்டால் எழுந்திருக்க யாராவது கை கொடுக்கவேண்டும், இன்றைக்கு இந்த ஷோரூமில் யாருடைய கையையும் பிடித்து எழுந்திருப்பதாக இல்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன், எதிர்ச் சுவரில் நான் தொங்குகிறேன். கழுத்தில் மாலை, கையில் ஆளுயர அட்டைச் சாவி, பக்கத்தில் என்னை விட்டால் விழுந்துவிடுவேன் என்பதுபோல் தோளைப் பிடித்தபடி விற்பனைக்காரப் பையன் கிஷோர், கீழே கொட்டை எழுத்தில் ‘தன்னம்பிக்கைக்குச் சக்கரம் கொடுத்தோம்’. யார் யாருக்குக் கொடுத்தது. சம்பளத்தில் பிடித்துப் பிடித்துச் சேர்த்து நான் வாங்கிய வண்டி. படத்தில் சிரிக்கிறேன், பல்லெல்லாம் தெரிய, அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன்னும் பின்னும் சிரித்ததில்லை, அதைத்தான் தாங்கமுடியவில்லை, பொய்யைக் கையில் வாங்கிக்கொண்டு ஒருத்தி எப்படி அவ்வளவு உண்மையாகச் சிரிக்க முடிந்தது.

கண்ணாடிக்கு அப்பால் பட்டறைக் கொட்டகை தெரிகிறது, அங்கேதான் என் வண்டி நிற்கிறது, பானெட்டைத் திறந்து வைத்திருக்கிறார்கள், வாயைப் பிளந்துகொண்டு மருத்துவரிடம் உட்கார்ந்திருக்கிற குழந்தை மாதிரி. நடுவழியில் நின்றுபோன அன்றைக்கும் அதன்மேல் எந்தத் தப்பும் இல்லை என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது, நான்தான் எதையோ தவறாக அழுத்திவிட்டேன் என்று. கிணத்துக்கடவு மேம்பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தேன், பள்ளிக்கூடம் விட்டுக் கோயமுத்தூர் போகிற வழி, இன்ஜின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை, உறுமல் கூடுகிறது, வண்டி பின்னால் வழுக்குகிறது. என் வண்டியில் பிரேக்கும் ஆக்சிலேட்டரும் கையால் இயக்குகிற கம்பியில் இருக்கின்றன, முன்னால் தள்ளினால் பிரேக், கம்பியை முழுக்கத் தள்ளிப் பிடித்துக்கொண்டேன், தள்ளியபடியே நின்றேன், அதாவது உட்கார்ந்தேன், எனக்கு நிற்பதும் உட்கார்வதும் பேச்சில்தானே வேறு வேறு. பின்னால் லாரி ஆரன். எப்போதும் ஊன்றுகோல்களைப் பக்கத்துச் சீட்டில்தான் வைப்பேன், அன்றைக்கு அங்கே விடைத்தாள் கட்டு இருந்ததால் பின்சீட்டில் போட்டிருந்தேன், கையை நீட்டிப் பார்க்கிறேன், விரல் நுனிக்குக் கொஞ்சம் அப்பால் கிடக்கின்றன. இறங்கமுடியாது. கையை எடுத்தால் வண்டி பின்னால் ஓடும். லாரிக்காரன் கண்ணாடியில் பெரிதாகிக்கொண்டே வருகிறான், அந்த நேரத்தில் சாவு பற்றிய பயம் வரவில்லை, வந்தது வேறு, நாளைக் காலையில் ஸ்டாஃப் ரூமில் என்ன பேசிக்கொள்வார்கள் என்ற பயம், இந்தக் காலை வெச்சுக்கிட்டு இந்தம்மாவுக்கு எதுக்குங்க காரு என்று யாரோ டீயை ஆற்றிக்கொண்டே சொல்வார்கள், எல்லாரும் உச்சுக்கொட்டுவார்கள், என் சாவுகூட என் தப்பாகத்தான் இருக்கும். லாரி ஒடித்துத் திருப்பிக்கொண்டு போனது. ஒரு பால் வண்டிக்காரர் தன் வண்டியைக் குறுக்கே நிறுத்தி விளக்கைச் சிமிட்டவிட்டு, இன்னும் ரெண்டு பேரைக் கூப்பிட்டு, ஓரமாகத் தள்ளிவிட்டார். பயப்படாதீங்கம்மா, எறங்கிக்கங்க என்றார். இறங்க முடியாதுங்க, அந்தக் கட்டைகளை எடுத்துக் கொடுங்க என்று சொன்னபோது அவர் முகம் மாறியது, எல்லா முகமும் மாறுகிற மாதிரி, ஆனால் எடுத்துக் கொடுத்தார், அவ்வளவுதான். நல்ல மனுஷன். இப்போதும் ராத்திரி படுத்தால் உள்ளங்கை தானாக முன்னால் தள்ளுகிறது, சுவரைத் தள்ளிக்கொண்டு விழிக்கிறேன்.

அதெல்லாம் போகட்டும், யந்திரம் என்றால் பழுதாகும், அதற்குத்தானே வாரண்டி, மூன்று வருஷ வாரண்டி, இன்னும் மாசக்கணக்கில் பாக்கி இருக்கிறது என்று தைரியமாகத்தான் இருந்தேன். வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து இங்கே விட்டார்கள், மறுநாள் இடைவேளையில் போன் வந்தது. சர்வீஸ் அட்வைசர் ஜெபசீலி பேசறேனுங்க மேடம், கியர்பாக்ஸ் போயிருச்சுங்க, மொத்தமா மாத்தணும் என்றாள் அந்தப் பெண். சரிம்மா, வாரண்டியில மாத்திக் குடுங்க என்றேன். அவள் ஏதோ தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது, பிறகு சாதாரணமாக, மழை வருதுங்களா என்று கேட்கிற மாதிரி, கேட்டாள், மேடம், நீங்க செகண்ட் ஓனருங்களா? இல்லம்மா, புது வண்டி, உங்க ஷோரூம்லதான் எடுத்தேன், ஆர்.சி.யில மொத ஓனரே நான்தான் என்று எடுத்த தேதியையும் சொன்னேன். இல்லைங்களே மேடம், நீங்க எடுத்ததா சொல்ற தேதிக்கு ரொம்ப முன்னாடியே கம்பெனி சிஸ்டத்துல வாரண்டி ஆரம்பிச்சிருக்குங்களே, இப்ப முடிஞ்சும் போச்சு, இது நம்ம டெமோ… என்று சொல்ல வந்தவள் நிறுத்திக்கொண்டாள், நான் சார்கிட்ட கேட்டுட்டுக் கூப்பிடறேனுங்க என்று வைத்துவிட்டாள். டெமோ. அந்த ஒற்றைச் சொல். செகண்ட் ஓனர் என்ற சொல்லோடு அது போய் ஒட்டிக்கொண்டது, இரண்டும் சேர்ந்து அன்றைக்கு முழுவதும் தலைக்குள் ஈ மாதிரி சுற்றின, கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது சுற்றின, சோறு பிசையும்போது சுற்றின.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்து நின்றன, வரச்சொல்லிக் கூப்பிடாமலே. பனிக்காலத்தில் விடிகாலையில் வண்டியைத் துடைக்கும்போது பின்கதவில் என்னமோ எழுத்து மாதிரி தெரியும், ஈரம் பட்ட இடத்தில் ஒரு ‘ஓ’, ஒரு ‘ட்டி’, அதற்கப்புறம் ஒன்றுமில்லை, வெயில் ஏறினால் போய்விடும். கம்பெனியில் ஒட்டிவருகிற பிளாஸ்டிக் காகிதத்தின் தடம் என்று நினைத்துத் தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்தேன். இப்போது படிக்க முடிகிறது. ‘ஓட்டிப் பாருங்கள்.’ ஊரெல்லாம் ஓட்டிப் பார்த்த வண்டி, பிடித்தவனும் பிடிக்காதவனும் முறுக்கிப் பார்த்த வண்டி. மீட்டரைப் பார்த்து வண்டி எடுத்த அன்றைக்கே கேட்டேனே, புது வண்டி இவ்வளவு தூரம் எங்கே போய்விட்டு வந்தது என்று. சென்னை யார்டுல இருந்து ஓட்டிட்டு வந்ததுங்க மேடம், லாரி கிடைக்கல என்றான் கிஷோர். நம்பினேன். கேட்டேன், பதில் சொன்னான், நம்பினேன். வாங்குகிறவர்தான் விழிப்பாக இருக்கவேண்டும் என்று வருஷா வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவள், பொருளைக் கேட்டு வாங்கு, பார்த்து வாங்கு என்று உதாரணத்தோடு சொல்கிறவள். ஆனால் பாடத்தில் ஒன்று சொல்லவில்லை, கேட்டால் பொய் சொன்னால் என்ன செய்வது என்று. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது தள்ளுபடி. விலையில் பெரிதாகக் குறைத்தான், ஏன் என்று கேட்டதற்குக் குரலைத் தாழ்த்திக்கொண்டு, உங்களுக்காக ஸ்பெஷலாப் பேசி வாங்கினேன் மேடம், உங்கள மாதிரி இருக்கறவங்க ஓட்டணும்னு எங்க சாருக்கு ஒரு ஆசை என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்குப் போய்த் தம்பியிடம் சொன்னேன், உலகத்தில் இன்னும் நல்லவங்க இருக்காங்கடா என்று. பழைய வண்டிக்குப் பழைய வண்டி விலை, அதை என் காலுக்கு இரங்கிக் குறைத்ததாகச் சொல்லியிருக்கிறான். என் காலையே திரையாகக் கட்டி அதற்குப் பின்னால் வண்டியை ஒளித்திருக்கிறான். கிஷோர் இப்போது இங்கே இல்லை, வேலையை விட்டுப் போய்விட்டானாம். சுவரில் மட்டும் இருக்கிறான், என் தோளைப் பிடித்துக்கொண்டு.

காலையில் மேனேஜர் தீனதயாளன் ஒருமுறை வந்து பேசினார், நல்ல சட்டை, நல்ல வாசனை, நாற்காலியை இழுத்துப்போட்டு என் உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்தார், குழந்தையிடம் பேசுகிறவர்கள் அப்படித்தான் உட்காருவார்கள். மேடம், கையால ஓட்டற கம்பியெல்லாம் வெளியில மாட்டியிருக்கீங்க, அதனாலகூட கியர் போயிருக்கலாம் என்று ஆரம்பித்தார். அந்தக் கம்பியை மாட்டற ஆளைச் சொன்னதே உங்க ஷோரூம்தான், ஆர்டிஓ பார்த்து ஒப்புதல் குடுத்தது, கம்பிக்கும் கியர்பாக்ஸுக்கும் என்ன தொடர்புன்னு எழுதிக் குடுங்க, நான் வாங்கிக்கறேன் என்றேன். அவர் அதை அப்படியே விட்டுவிட்டார். அப்புறம் டெமோ வண்டின்னு சொல்லித்தாங்க மேடம் குடுத்திருப்போம், அதுக்குத்தானே டிஸ்கவுண்ட் என்றார். டிஸ்கவுண்ட் எதுக்குன்னு எங்கிட்ட என்ன சொன்னாங்கன்னு உங்க காதுல சொல்லட்டுங்களா என்றேன். கடைசியில் குரலைக் குழைத்துக்கொண்டு ஒரு தாளை நீட்டினார். நமக்குள்ள எதுக்கு மேடம் பிரச்சனை, கியர்பாக்ஸை ஃப்ரீயா மாத்தித் தந்துடறோம், நீங்க இதுல ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடுங்க. படித்தேன். டெமோ வண்டி என்று தெரிந்தேதான் வாங்கினேன், எனக்கு எந்தக் குறையும் இல்லை, மனிதாபிமான அடிப்படையில் நிறுவனம் இலவசமாகப் பழுது நீக்கித் தருவதற்கு நன்றி. மனிதாபிமான அடிப்படையில். சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்கிறார்கள். பேருந்தில் இடம் கொடுத்தால் மனிதாபிமானம், மாடியில் இருந்த வகுப்பைக் கீழே மாற்றித் தந்தால் மனிதாபிமானம், எனக்குச் சேரவேண்டியது எதுவுமே எனக்குச் சேரவேண்டியது என்று வராது, யாரோ ஒருவருடைய நல்ல மனசிலிருந்து சொட்டித்தான் வரவேண்டும், வாங்கிக்கொண்டு நான் நன்றி சொல்லவேண்டும். தாளைத் திருப்பிக் கொடுத்தேன். இதுல கையெழுத்துப் போடமாட்டேனுங்க, நான் வண்டி எடுத்த தேதியில இருந்து வாரண்டின்னு திருத்திக் குடுங்க, அந்த வாரண்டியில கியர்பாக்ஸை மாத்துங்க, என்னை ஏமாத்துனதை ஒத்துக்கிட்டு எழுதிக் குடுங்க. அவர் எழுந்தார். மீட்டிங் முடிச்சுட்டு வர்றேனுங்க. அதுதான் இந்த மீட்டிங்.

நான் அலுத்துப்போய் எழுந்து போய்விடுவேன் என்று எதிர்பார்க்கிறார். மனுஷனுக்குத் தெரியாது, காத்திருப்பதில் என்னைவிடக் கைதேர்ந்தவர் இந்தக் கோயமுத்தூர் ஜில்லாவில் கிடையாது. எல்லாரும் ஏறி முடிக்கட்டும் என்று காத்திருந்து பஸ் ஏறினவள், எல்லாரும் இறங்கி முடிக்கட்டும் என்று காத்திருந்து படி இறங்கினவள். தம்பி வேலு சற்றுமுன் போன் செய்தான், காலேஜில் என்னைப் பரீட்சை ஹாலுக்கு மூன்றாம் மாடிவரை உப்புமூட்டை தூக்கிக்கொண்டு போனவன், அப்போது அவனே மீசை முளைக்காத பையன், ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை. அக்கா, கையெழுத்துப் போட்டுட்டு வந்துரு, ஃப்ரீயாத்தான் செஞ்சு தர்றாங்கள்ல, நமக்கு வண்டி ஓடுனாப் பத்தாதா? நமக்கு என்கிறான், பாசம்தான். டேய், நீ என்னைத் தூக்கிட்டுப் போனப்ப ஒருநாளாவது நன்றின்னு எழுதி வாங்குனியா என்று கேட்டேன். அதுவும் இதுவும் ஒண்ணாக்கா என்றான். ஒண்ணு இல்லடா, அதான் சொல்றேன் என்றேன். சாப்டியா என்றான். சாப்பிடவில்லை. பை முழுக்க முறுக்கும் தண்ணீரும் இருக்கின்றன, ஆனால் தண்ணீர் குடித்தால் பாத்ரூம் போகவேண்டும், பாத்ரூம் மூன்று படி ஏறி இருக்கிறது, இங்கே வந்ததும் முதலில் பார்த்தது அதைத்தான்.

வண்டி ஓடினால் போதாதா என்று அவன் கேட்டது மட்டும் உள்ளே எங்கேயோ முள்ளாக நிற்கிறது, ஏனென்றால் போதும்தான். அதுதான் உண்மையும். சைடு வீல் வைத்த ஸ்கூட்டரில் எத்தனை வருஷம் போனேன், ஐப்பசி மழையில் பொள்ளாச்சிச் சாலையில் நனைந்துகொண்டு, ரெயின்கோட்டுக்குள் காலிபர் துருப்பிடித்து, புடவைக் கரை சேறாகி, வகுப்பில் போய் நின்றால் காலடியில் தண்ணீர் குட்டையாகத் தேங்கும், பிள்ளைகள் பார்க்காத மாதிரி பார்ப்பார்கள். காருக்குள் முதல் மழை பெய்த நாள் ஞாபகம் இருக்கிறது. கண்ணாடியில் சடசடவென்று விழுகிறது, என்மேல் ஒரு சொட்டு இல்லை, ஓரமாக நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன், மழை என்பது கேட்பதற்கும் பார்ப்பதற்கும் இவ்வளவு அழகானது என்று வயசு ஐம்பதை நெருங்கும்போதுதான் தெரிந்தது. அந்த மழையை இவர்கள் திரும்பப் பிடுங்கிக்கொள்வார்களோ. கோர்ட், வக்கீல், வாய்தா என்று இழுத்தால் வண்டி இந்தக் கொட்டகையிலேயே கிடந்து தூசி படியும், நான் மறுபடி ஸ்கூட்டரைத் தூசி தட்டவேண்டும், தோள்மூட்டு முன்னைப்போல் இல்லை, மருத்துவர் எச்சரித்திருக்கிறார். போட்டுவிடலாமா. ஒரு கையெழுத்து. துளசிமணி என்று ஐந்து எழுத்துக் கிறுக்கினால் அடுத்த வாரம் வண்டி வாசலில் நிற்கும். வலதுகை விரல்கள் தானாகக் கூடுகின்றன, பேனா பிடிக்கிற மாதிரி. இல்லை. பிரித்துவிட்டேன். தெரிந்தேதான் வாங்கினேன் என்று நானே எழுதிக் கொடுத்தால் அந்தச் சுவரில் சிரிக்கிறவள் பொய்க்காரி ஆகிவிடுவாள், அவள் ஒருத்திதான் இந்தக் கதையில் உண்மையாக இருந்தவள், அவளை விட்டுக்கொடுக்கமாட்டேன்.

மேளச்சத்தம் மாதிரி ஏதோ ஸ்பீக்கரில் போடுகிறார்கள், புது வண்டி ஒன்றைக் கொடுக்கப்போகிறார்களாம், முன்கூடத்தில் ரிப்பன் கட்டி, சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய்கூட வந்திருக்கிறது. வண்டி எடுக்கிற வீட்டுப் பெண், பட்டுப்புடவை, இடுப்பில் தூங்குகிற குழந்தை, நிற்கமுடியாமல் வந்து எனக்குப் பக்கத்தில் சோபாவில் உட்காருகிறாள். என்னைப் பார்க்கிறாள், சுவரைப் பார்க்கிறாள், மறுபடி என்னைப் பார்க்கிறாள். அக்கா, அது நீங்கதானுங்களே? ஆமாங்க. ஐயோ, போன தடவை வந்தப்பவே பாத்து எங்க வீட்டுக்காரர்கிட்டச் சொன்னேனுங்க, எத்தன தைரியம் பாருங்கன்னு. பெருந்துறைல மளிகைக்கடைங்க எங்களுக்கு, மொத மொதலா வண்டி எடுக்கறோம், ஆறு வருஷமா ஆசைங்க. குழந்தையை மடிமாற்றிக்கொண்டு குனிந்து கேட்கிறாள், வண்டி நல்லாருக்குதுங்களா அக்கா? கண்ணாடிக்கு அந்தப்புறம் தீனதயாளன் நிற்கிறார், மீட்டிங் எல்லாம் ஒன்றும் இல்லை, அங்கேயேதான் நிற்கிறார், என்னையும் அவளையும் பார்க்கிறார், லேசாகத் தலையசைக்கிறார், அதற்கு என்ன அர்த்தம், பேசாதீர்கள் என்றா, பேசாமலிருந்தால் நல்லது செய்கிறேன் என்றா. நல்லாருக்குங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் சந்தோஷமாக எழுந்து போவாள், நல்ல காரியத்தின் நடுவில் அபசகுனமாகப் பேசியவள் என்ற பேரும் வராது. அதுவும் நான், கல்யாண வீட்டில் முன்வரிசையில் உட்காரவைக்கத் தயங்கப்படுகிற நான். ஆறு வருஷ ஆசை என்கிறாள். என் ஆசைக்கு வயசு என் வயசு. அன்றைக்கு எனக்குப் பக்கத்தில் இப்படி ஒருத்தி உட்கார்ந்திருந்து எல்லாம் தெரிந்தும் நல்லாருக்குங்க என்று சொல்லியிருந்தால். கண்ணு, வண்டியோட மாடல் நல்ல மாடல்தான் என்றேன். ஆனா எனக்கு இவங்க டெமோ வண்டியைப் புதுசுன்னு சொல்லிக் குடுத்துட்டாங்க, நான் எடுக்கறதுக்கு முன்னாடியே வாரண்டி ஓட ஆரம்பிச்சிருச்சு, இப்ப நடுரோட்டுல நின்னுபோச்சு, அதுக்குத்தான் உக்காந்திருக்கேன். உங்களுக்கும் அப்படின்னு சொல்லலை. சாவி வாங்கறதுக்கு முன்னால வாரண்டி என்னைக்கு ஆரம்பிக்குதுன்னு அவங்க கம்ப்யூட்டர்லயே காட்டச் சொல்லி உங்க கண்ணால பாத்துக்கங்க. அவள் முகத்தில் இருந்த வெளிச்சம் அப்படியே இறங்கியது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனாள். குழந்தை விழித்துக்கொண்டு அழுதது.

செய்தது சரியா. ஸ்பீக்கரை நிறுத்திவிட்டார்கள். கண்ணாடிக்கு அப்பால் அந்த மளிகைக்கடைக்காரர் கையை ஆட்டிப் பேசுகிறார், தீனதயாளன் நெஞ்சில் கைவைத்துப் பேசுகிறார், ஜெபசீலி கம்ப்யூட்டரைத் திருப்பி வைக்கிறாள், எல்லாரும் குனிகிறார்கள். ஒரு மனசு சொல்கிறது, அவர்களுக்கும் பழைய தேதியாக இருக்கட்டும், அப்போது நான் சொன்னது ஊருக்கே தெரியும், இரண்டு பேர் சேர்ந்தால் பலம். சீ என்று அதை அடக்குகிறேன், அடக்க அடக்க அது மூலையில் உட்கார்ந்து எட்டிப் பார்க்கிறது. வேண்டாம், அந்தப் பெண்ணுக்கு நல்லதாகவே இருக்கட்டும், என் வழக்கு எனக்குத் தனியாகவே நிற்கும், இரண்டு கட்டையில் நிற்கவில்லையா நான். கதவு திறந்தது. அவள்தான், பாதி ஓடி வருகிறாள், அக்கா, இன்னைக்குத் தேதிதானுங்க, மீட்டர்லயும் ஒண்ணும் ஓடலைங்க, எங்க வீட்டுக்காரர் நல்லாப் பாத்துட்டாருங்க! மூச்சு வாங்குகிறாள். நல்லதும்மா, சந்தோஷமா ஓட்டுங்க என்றேன், நிஜமாகவே எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, கொஞ்சம் பொறாமையும் கூட வந்தது, அதையும் மறைப்பதற்கில்லை. அவள் என் கையைப் பிடித்தாள், தூக்கிவிடுவதற்கு இல்லை, வெறுமனே பிடித்தாள். உங்களுக்கு இவங்க செஞ்சது அநியாயங்கக்கா, விட்டுறாதீங்க என்றாள், மேனேஜருக்குக் கேட்கிற மாதிரியே சொன்னாள், பிறகு பூசணிக்காய் உடைக்கப் போனாள்.

அதற்கப்புறம் மீட்டிங் சட்டென்று முடிந்துவிட்டது. தீனதயாளன் வந்தார், இந்தமுறை குனியவில்லை, நாற்காலியையும் இழுக்கவில்லை, நின்றபடியே பேசினார், எனக்கு அதுவே மரியாதையாகத் தெரிந்தது. மேடம், இப்படி கஸ்டமர்கிட்டயெல்லாம் பேசறது நல்லா இல்லைங்க. பொய் பேசுனேனுங்களா? பேசலைங்க, ஆனா… என்று இழுத்தார். இங்க வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் இதையேதான் சொல்லப்போறேன், நாளைக்கும் வருவேன், எனக்கு லீவு நிறையக் கிடக்குது என்றேன். அவர் கொஞ்சநேரம் சுவரைப் பார்த்தார், என் படத்தை, பிறகு வெளியே போய் யாரிடமோ போனில் நெடுநேரம் பேசினார், சரிங்க சார், சரிங்க சார் என்பது மட்டும் கேட்டது. திரும்பி வந்தபோது வேறு தாள். நான் வண்டி எடுத்த நாளிலிருந்து வாரண்டி கணக்கிடப்படும், கம்பெனிப் பதிவிலும் திருத்தப்படும், கியர்பாக்ஸ் அந்த வாரண்டியில் மாற்றித் தரப்படும். மனிதாபிமானம் இல்லை. நன்றி இல்லை. மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே இரண்டுமுறை படித்தேன், மாணவனுடைய விடைத்தாளைப் படிக்கிற மாதிரி, அவரும் மாணவன் மாதிரியே நின்றார். முத்திரை வைக்கச் சொன்னேன், வைத்தார். பெற்றுக்கொண்டேன் என்று மட்டும் எழுதிக் கையெழுத்திட்டு நகலைக் கொடுத்தேன். டெமோ வண்டியைப் புதுசுன்னு வித்தோம்ங்கற வரியைக் காணமே என்றேன். அது மட்டும் முடியாதுங்க மேடம், மேல ஒத்துக்கமாட்டாங்க, அதான் எல்லாம் செஞ்சு குடுத்துட்டோமே.

எழுந்தேன். முதலில் வலது கட்டை, பிறகு இடது, காலிபரின் முட்டிப் பூட்டைப் போட்டு நிமிர்ந்தால் நான் அவரைவிடக் கொஞ்சம் உயரம், அது அவருக்கு இதுவரை தெரியாது. வண்டிக்குச் செய்யவேண்டியதைச் செஞ்சுட்டீங்க, அது சரி, எங்கிட்டச் சொன்ன பொய்க்கு என்ன செய்யப்போறீங்க என்று கேட்டேன். அந்தப் போட்டோவை எறக்கிருங்க, நான் போறதுக்குள்ள எறக்கோணும். ஜெபசீலிதான் ஸ்டூல் போட்டு ஏறினாள், யாரும் சொல்வதற்குக் காத்திருக்கவில்லை, சட்டத்தோடு கழற்றிச் சுவர்ப்பக்கம் முகம் திருப்பி வைத்தாள், வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள், அன்றைக்குப் போனில் பாதியில் நிறுத்திய வாக்கியத்தை முடித்த மாதிரி இருந்தது. வழுக்குகிற டைல்ஸ் தரையைத் தாண்டி, உடைந்த பூசணிக்காயைச் சுற்றிக்கொண்டு, சாய்தளம் இல்லாத மூன்று படிகளைப் பக்கவாட்டில் இறங்கி வாசலுக்கு வந்தேன், சுந்தராபுரம் பக்கமிருந்து வந்த ஆட்டோ நின்றது. பசி இப்போதுதான் தெரிகிறது, முறுக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டே ஏறுகிறேன், முதலில் உடம்பு, அப்புறம் கால்களை ஒவ்வொன்றாகக் கையால் தூக்கி உள்ளே. எங்கீங்கம்மா போகோணும் என்கிறார் ஆட்டோக்காரர். கலெக்டர் ஆபீஸ் பக்கம், நுகர்வோர் கோர்ட்டுக்கு என்கிறேன். அவர் வானத்தைப் பார்க்கிறார், வெயில் சாய்ந்திருக்கிறது. இந்நேரத்துக்கு மூடிருப்பாங்களேம்மா. தொறந்திருந்தா இன்னைக்கு, மூடிருந்தா எங்க இருக்குதுன்னு பாத்துவெச்சுட்டு நாளைக்கு, நீங்க வண்டியை எடுங்க.